வால் வண்டி கூப்பிட்டது

"நான் பேசறது உங்களுக்கு வருதான்னு ஒரு தடவ பாத்துடலாம் சார்" என்று அக்காதான் பேச்சை ஆரம்பித்தாள்.

முதலாளி அலுவலகத் தரையில் குந்தி உட்கார்ந்து, புதிதாக வந்த பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரித்துக்கொண்டிருந்தார். சுற்றுலா மோட்டார் சைக்கிள்களின் பின்னால் பொருத்தும் பெட்டிகள் அவை. எல்லாம் ஒரே நீலம், ஒரே வார்ப்பு, எடை குறைந்த பிளாஸ்டிக். நிமிராமலே கேட்டார்.

"கேப்டன் பேசறது உனக்குக் கேக்குதில்ல?"

"கேக்குது சார்."

"தெளிவா?"

"பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குது."

"அப்புறம் என்னம்மா? வயர்லெஸ் செட்டு நல்லா இருக்கு."

"எனக்கு வர்றது வேற சார், என்கிட்டேருந்து போறது வேற. என் வண்டியில இரும்புப் பெட்டிய எடுத்துட்டு இத மாட்டினதுலேருந்து நான் சொன்ன எதுக்கும் பதில் வரல. முந்தியெல்லாம் கேப்டன் 'சரி'ன்னாவது சொல்லுவாரு."

கதவில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த, முதல் வண்டியை ஓட்டும் கேப்டன், "நீங்க எதாவது சொன்னாத்தானேங்க நான் சரின்னு சொல்றதுக்கு" என்றார். முதலாளி சிரித்தார். கேப்டனைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது குறை தெரியுதா?" என்று மரியாதையாக விசாரித்தார். கேப்டன் உதட்டைப் பிதுக்கினார். முதலாளி அக்கா பக்கம் திரும்பினார்.

"பெட்டிக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? எட்டு வண்டியும் ஒரே மாதிரி இருந்தா போட்டோவுக்கு எவ்வளவு அழகா இருக்கு பாரு. கடைசில வர்ற வால் வண்டிக்கு அப்படி என்ன பேச வேண்டியிருக்கு? சொல்றதக் கேட்டுக்கிட்டே வந்தா போதும்."

அத்தோடு பேச்சு முடிந்தது. அக்கா சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

மூலை மேசையில் உட்கார்ந்திருந்த தங்கைக்கு இதில் எது முதலில் சுருக்கென்று தைத்தது என்று பிறகு யோசித்தாலும் சொல்லத் தெரியவில்லை. கேப்டனுக்கு 'உங்களுக்கு', அக்காவுக்கு 'உனக்கு' என்று ஒரே மூச்சில் மாறிய அந்த வாயா, அல்லது அந்தச் சிரிப்பா. அவள் அந்தக் கம்பெனியில் இரண்டு மொழி தெரிந்த ஆள். வெளிநாட்டிலிருந்து வண்டி ஓட்ட வருகிறவர்களுக்குக் கடிதம் எழுதுவதும், அவர்கள் கேட்பதை இங்கே சொல்வதும், இங்கே சொல்வதை அவர்களுக்குச் சொல்வதும் அவள் வேலை. அன்று அவள் கையில் இருந்தது பாதுகாப்பு விளக்கம். 'முதல் வண்டியும் கடைசி வண்டியும் எந்நேரமும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும்' என்ற வரிக்கு அப்போதுதான் வந்திருந்தாள். அதை அப்படியே மொழிபெயர்த்தாள். சம்பளம் மொழிபெயர்க்கத்தான், திருத்துவதற்கு அல்ல.

கடைசி வண்டி என்றால் கூட்டத்துக்கு மிச்சமானவர் ஓட்டும் வண்டி என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் அக்காவை ஒரு நாள் பார்க்க வேண்டும். எல்லோரும் கிளம்பிய பிறகு கிளம்புவாள். தங்கிய இடத்தில் யாராவது விட்டுப்போன கையுறை, மூக்குக்கண்ணாடி, மருந்துப் பை எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு புறப்படுவாள். வழியில் எவ்வளவு மெதுவாகப் போகிறவர் இருந்தாலும் முந்தக் கூடாது. ஒருவர் நின்றால் அவளும் நிற்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான், சங்கிலிக்குப் போடும் எண்ணெய், கட்டுத் துணி, எலும்பு முறிந்தால் வைத்துக் கட்ட இரண்டு மரத் தப்பைகள் எல்லாம் அவள் பெட்டியில்தான். மற்றவர்கள் மலையையும் ஏரியையும் பார்த்துக்கொண்டு போவார்கள். அவள் பார்ப்பது முதுகுகளை. முதுகை வைத்தே ஆளுக்கு ஆள் பெயர் சூட்டிவிடுவாள். தோளை உயர்த்தி ஓட்டுகிறவர் 'குளிருது', பக்கவாட்டில் சாய்ந்தே ஓட்டுகிறவர் 'கதவு', ஐந்து நிமிடத்துக்கொரு முறை இடுப்பைத் தடவிக்கொள்பவர் 'பர்ஸ் இருக்கா'.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் பார்சல் கம்பெனியில் இருந்தாள். மழையோ வெயிலோ, மோட்டார் சைக்கிளின் பின்னால் தன்னைவிட உயரமாக அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கொடுத்தவள். வண்டி ஓட்டப் பழகியதே ஒரு வேடிக்கைதான். கல்யாணமான புதிதில் அத்தானுக்கு ஒரு பழைய வண்டி இருந்தது. அவர் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். வேலை முடிந்து தலை, புருவம் எல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வரும்போது, நின்ற வாக்கிலேயே தூங்கிவிடுவார். ஒரு நாள் சிக்னலில் அப்படியே கண் அசந்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா கீழே இறங்கி, அவரைப் பின்னால் நகர்த்தி உட்காரவைத்து, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "அன்னிக்கு எறங்கினதுதான், அப்புறம் எனக்குப் பின்சீட்டே கிடைக்கல" என்று அத்தான் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அவள் குள்ளம். முழு எடையுள்ள சுற்றுலா வண்டி சாய்ந்து விழுந்தால் இரண்டு ஆண்கள் முக்கி முனகித் தூக்குவார்கள். அக்கா வண்டிக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை பின்கம்பியில். கையால் தூக்கமாட்டாள், காலால் பின்பக்கமாக நடப்பாள். வண்டி தானே எழுந்து நிற்கும். பார்க்கிறவர்கள் கை தட்டினால் அவளுக்குப் பிடிக்காது. "சர்க்கஸா காட்டறேன்" என்பாள்.

இப்படிப்பட்டவளை வைத்திருந்த இடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. அதை யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. புறப்படும் காலையில் எல்லா வண்டியும் முற்றத்தில் வரிசையாக நிற்கும். கேப்டன் தன் செட்டில், "வால் வண்டி, கேக்குதா?" என்பார். அக்கா முன்விளக்கை இரண்டு முறை மினுக்குவாள். பயணிகள் கைதட்டுவார்கள். சோதனை முடிந்தது. ஒரு காலத்தில் கடைசி வண்டியில் கேட்கும் கருவி மட்டும் இருந்ததாம், பேசும் கருவி கிடையாதாம். அன்றைக்குத் தொடங்கிய விளக்கு. பிறகு பேசும் செட்டு வந்தது, விளக்கு போகவில்லை. அக்காவும் அதற்குப் பழகிப்போயிருந்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். வாயால் பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் பெட்டி மாறும்வரை தோன்றவில்லை.

கேப்டனின் செட்டோ பெரியது. பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுப்பது. அதன் ஆன்டெனா, வண்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கிய தாங்கியில் ஆள் உயரத்துக்கு நிற்கும். அவர் பேசினால் இரண்டு மேடு தாண்டியும் கேட்கும். வால் வண்டிக்கு வந்தது அவர் கழித்துப்போட்ட சின்ன செட்டு, பென்சில் நீளத்துக்கு ஓர் ஆன்டெனா. சொல்லுகிறவருக்கு நல்லது, சொல்லப்படுகிறவருக்கு மிச்சம். அதைக்கூட யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை. தலைவர் பேசுவது எல்லோருக்கும் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் அந்த இடம் நம்பியது.

அந்தப் பயணத்தின் மூன்றாவது நாள் மலை ஏறி இறங்குகிற நாள். கைபேசி அங்கே எடுக்காது. தங்கை சாமான்களோடு வேனில் முன்னதாகவே போய், மதியம் சாப்பிட வேண்டிய இடத்தில் காத்திருந்தாள். வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தன் வண்டி செட்டின் மைக்கை நீண்ட ஒயரோடு இழுத்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். பின்னால் வருகிறவர்களுக்கு ரொட்டி மிச்சமிருக்காது என்றார். பயணிகளில் ஒருவரைப் பாடச் சொல்லி அதையும் மைக்கில் விட்டார். ஐந்து பயணிகள் சாப்பிட்டு முடித்தார்கள். ஆறாவது ஆளையும் காணோம், அக்காவையும் காணோம்.

"என்ன ஆச்சுன்னு கேளுங்க" என்றாள் தங்கை.

"கேட்டாச்சும்மா. ஒண்ணும் சொல்லல. வாலு ஆடி அசைஞ்சுதான் வரும்."

"பதில் வரலன்னா போய்ப் பாக்க வேண்டாமா?"

"ஏதாவது ஆகியிருந்தா கூப்பிட்டிருப்பாங்க இல்ல?"

இந்த ஒரு வாக்கியத்தைத் தங்கை இன்றும் மறக்கவில்லை. கூப்பிடவில்லை, ஆகவே ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு வசதியான கணக்கு. வண்டிகள் வந்த அதே வழியில் காய்கறி லாரி ஒன்று வந்து நின்று, அதன் ஓட்டுநர் இறங்கி, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வழியை மறித்து நின்று தன்னிடம் செய்தி சொல்லி அனுப்பியதாகச் சொல்லும்வரை அந்தக் கணக்கு அப்படியே இருந்தது.

வேன் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது அக்கா சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆறாவது பயணி ஒரு பல் டாக்டர், வயதானவர், அக்காவின் கணக்கில் 'கதவு'. வளைவில் சரளைக்கல் சறுக்கி வண்டி அவர் காலின் மேல் விழுந்திருந்தது. அக்கா வண்டியைத் தூக்கி நிறுத்தி, அவரை நிழலுக்கு இழுத்து, கணுக்காலுக்கு இரண்டு தப்பை வைத்துக் கட்டி, தன் மேல்கோட்டைக் கழற்றி அவர் முகத்தில் வெயில் படாமல் பிடித்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் அவள் பேசினாள். முதலில் காற்றுதான் வந்தது. தொண்டை முழுக்கக் கட்டியிருந்தது.

"ஏண்டி, அங்க ஒருத்தருக்கும் காது இல்லையா?"

அவர் விழுந்த நிமிடத்திலிருந்தே அக்கா கூப்பிட்டிருக்கிறாள். ஹெல்மெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆன்டெனாவோடு கழற்றிய செட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பாறைமேல் ஏறி நின்று, திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். பதிலுக்கு அந்தச் செட்டிலிருந்து ரொட்டி மிச்சமிருக்காது என்று வந்தது. பாட்டு வந்தது. சிரிப்பு வந்தது. ஒருவர் வலியில் கிடக்கும்போது, உதவிக்குக் கூப்பிடுகிற அதே செட்டிலிருந்தே அந்தச் சிரிப்பு கேட்க வேண்டியிருந்ததைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்க முடியும் என்று தங்கைக்குத் தெரியவில்லை.

டாக்டருக்குக் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள், சரியாகிவிடும் என்றார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் ஒரு விபத்தின் கதையாகப் போயிருக்கும்.

பயணம் முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகு முதலாளி அலுவலகத்தில் ஒரு கூட்டம் போட்டார். மாவுக்கட்டுக் காலை ஒரு முக்காலியில் நீட்டியபடி டாக்டர் இருந்தார். கேப்டன் இருந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தாள், யாரும் உட்காரச் சொல்லவில்லை. தங்கை நடுவில் இருந்தாள், மொழிபெயர்க்க.

கேப்டன் தன் செட்டில் ஒரு சத்தமும் வரவில்லை என்று அடித்துச் சொன்னார். அது பொய்யில்லை, அதுதான் கொடுமை. முதலாளி பூசி மெழுகவே இல்லை. டாக்டர் மனம் குளிர்ந்து ஊருக்குப் போக வேண்டும், கம்பெனிக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது, அதற்கு ஒரு தலை வேண்டும். அக்கா தலை அருகிலேயே இருந்தது.

"சொல்லும்மா அவருகிட்ட. கடைசி வண்டிக்காரங்க பதட்டத்துல கூப்பிட மறந்துட்டாங்க. இனிமே அவங்க எங்க வண்டிய ஓட்ட மாட்டாங்க. மன்னிச்சுக்கணும்னு சொல்லு."

அக்காவின் முகத்தைத் தங்கை பார்த்தாள். அழுகிற முகம் இல்லை அது. வேலை போவது ஒன்று. கூப்பிட மறந்தவள் என்ற பெயரோடு போவது வேறு. ஒருவர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவள் என்று, இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் தேநீர்க் கடையில் நின்று சொல்லப்போகிறார்கள். அக்கா சொன்னது ஒன்றுதான், அந்தக் கட்டின தொண்டையோடு அதை அவள் மலையிலிருந்து இறங்கிய நாளிலிருந்தே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன்.

தங்கை டாக்டர் பக்கம் திரும்பினாள். முதலாளி சொன்னதைச் சொல்லவில்லை. தன் வேலையில் முதல் தடவையாக, யாரும் கொடுக்காத ஒரு கேள்வியை அவரிடம் அவர் மொழியில் கேட்டாள். நீங்கள் கீழே கிடந்தபோது என் அக்கா என்ன செய்தார்?

டாக்டர் காத்திருந்தவர் போலப் பொரிந்து தள்ளினார். அந்த அம்மாள் செட்டில் கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு மொழி புரியவில்லை, ஆனால் உதவி கேட்கிறார் என்று யாருக்கும் புரியும். பதிலுக்கு ஒரு ஆண் குரல் வந்தது. அந்த ஆள் பாடினான், சிரித்தான். இவர் கத்தக் கத்த அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு மனிதன் கால் உடைந்து கிடக்கும் செய்தியைக் கேட்டு எப்படிப்பட்ட ஆள் சிரிப்பான்? அதைக் கேட்கத்தான் நான் இந்தக் கூட்டத்துக்கு வந்தேன். அந்த ஆளை எனக்குக் காட்டுங்கள்.

தங்கை இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். 'அந்த ஆளை எனக்குக் காட்டுங்கள்' என்பதையும் சேர்த்து.

கேப்டனின் கழுத்து சிவந்துபோனது. "இது என்ன அநியாயம்? அவங்க பேசி நான் சிரிச்சேனா? எனக்கு வந்திருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனா? அவரு வலியில என்னத்தையோ கேட்டிருக்காரு."

"வலி கால்லதானே, காதுல இல்லையே" என்றாள் அக்கா.

முதலாளி, அவள் பொத்தானைச் சரியாக அழுத்தியிருக்கமாட்டாள் என்றார். புது ஆளா அவள், பொத்தான் அழுத்தத் தெரியாமல்? பதட்டத்தில் கை நடுங்கியிருக்கும் என்றார். தப்பை கட்டும்போது நடுங்காத கை பொத்தானில் மட்டும் நடுங்குமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார், அத்தனையும் அவள் பக்கமே போய் நின்றன.

அக்கா வால் வண்டியின் சாவியைப் பையிலிருந்து எடுத்து கேப்டன் முன்னால் மேசையில் வைத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க கேப்டன். ஊர்க்கோடி குவாரி மேடு ஏறி அந்தப் பக்கம் எறங்குங்க. நல்லா அழுத்தி, நடுங்காம, பேசுங்க. உங்க செட்டு இங்க முத்தத்துல இருக்கட்டும். நாங்க கேக்கறோம்."

கேப்டன் சாவியை எடுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. தன் செட்டு தன்னை ஏமாற்றும் என்று நினைத்துப் பார்க்காதவர், அவ்வளவுதான். "போய்ட்டு வர்றேன், இதுலேருந்து ஒரு முடிவு தெரியட்டும்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். டாக்டர் ஊன்றுகோலோடு வந்தார். கேப்டனின் வண்டி நின்றுகொண்டிருந்தது, செட்டு போடப்பட்டிருந்தது, ஆன்டெனா வானத்தைக் குத்தி நின்றது. புறப்பட்ட புதிதில் அவர் குரல் வந்தது: "போய்க்கிட்டிருக்கேன்." தெருமுனை வரை வந்தது. பிறகு கரகரவென்று கொஞ்சம். பிறகு ஒன்றுமில்லை.

முதலாளி மைக்கை எடுத்தார். "கேப்டன், கேக்குதா?" செட்டு இரைந்தது. "கேப்டன், மேடு தாண்டியாச்சா? பேசுங்க." ஒன்றுமில்லை. அவர் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினார், மைக்கைத் தட்டினார், சத்தத்தைக் கூட்டினார். கூட்டிய சத்தத்தில் இரைச்சல்தான் பெரிதானது. "வண்டியில ஏதாவது ஆயிடுச்சோ" என்று முணுமுணுத்தார். கேப்டனுக்கு என்றதும் அந்தக் கவலை எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது என்று தங்கை பார்த்துக்கொண்டாள்.

வால் வண்டி சீறிக்கொண்டு திரும்பி வந்தது. கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கத்திக்கொண்டுதான் கழற்றினார்.

"என்ன வெளாட்டு இது? நான் தொண்டை கிழியக் கத்தறேன், நீங்க பாட்டுக்கு 'கேப்டன் கேக்குதா, பேசுங்க'ன்னு சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கீங்க. தெளிவா கேக்குது எனக்கு. எத்தன தடவ பதில் சொல்றது? மனுஷன் கூப்பிட்டா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார்.  அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"மேட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து எதுவுமே வரலையா?" என்று கடைசியில் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வரல" என்றாள் தங்கை.

டாக்டருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஊன்றுகோலைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு கேப்டனிடம் போய்க் கையை நீட்டினார். அவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். அந்த அளவுக்கு நல்லது நடந்தது.

மறுநாள் வண்டிக்கு ஒயரிங் செய்கிற கடைக்கு வால் வண்டியைக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, செட்டில் கோளாறு இல்லை, ஆன்டெனாவின் காலடியில் இரும்பே இல்லை என்றார். முன்பு அந்த ஆன்டெனா இரும்புப் பெட்டியின் மேல் நின்றது, பெட்டியே அதற்குத் தரையாக இருந்தது. பிளாஸ்டிக் மேல் ஏற்றியதும் அந்தரத்தில் தொங்க ஆரம்பித்துவிட்டது. கேட்கும், ஆனால் சொல்லும் வலு போய்விடும். பெரிய செட்டின் வலுவான குரல் எப்படியோ வந்து சேர்ந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பின்கம்பியில் ஓர் இரும்புத் தகடு, பெயின்ட் சுரண்டிச் சட்டத்தோடு பிடித்த தடித்த ஒயர், ஓட்டுகிறவர் முதுகு மறைக்காத உயரத்துக்கு ஒரு நீள ஆன்டெனா. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. குவாரி மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா பேசியது தொண்டைக் கரகரப்பு உட்பட முற்றத்தில் கேட்டது.

முதலாளி என்ன சொன்னார் என்பதுதான் தங்கைக்கு இன்னும் ஆறவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, தகடு நீலப் பெட்டியோடு சேரவில்லை, அழகு கெட்டுப்போனது என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "சரி, அப்ப இது யார் மேலயும் தப்பில்ல, மெஷின் கோளாறு, விட்டுடுங்க" என்றார். அக்கா தலையில் இருந்தவரைக்கும் அது தப்பாக இருந்தது. அவள் தலையிலிருந்து இறங்கியதும் தப்பே இல்லாமல் போய்விட்டது. வேலையை விட்டு நிறுத்துவதாகச் சொன்ன வாய் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மன்னிப்பா, அதற்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் போலிருக்கிறது. "இதையும் டாக்டருக்குச் சொல்லட்டுமா?" என்று தங்கை கேட்டாள். முதலாளி அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார், வேண்டாம் என்றார். அவள் சொன்னாள். சோதனையைப் பார்க்க வந்திருந்த டாக்டர் புருவத்தை உயர்த்தி, கம்பெனிக்கு எழுத வேண்டிய கருத்தைத் தான் ஊருக்குப் போய் எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் தங்கைதான் கொதித்தாள். அத்தான் வேலைக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தை விட்டுவிடு அக்கா, வேறு கம்பெனி இல்லையா, நானும் விட்டுவிடுகிறேன் என்றாள். அக்கா சாப்பாட்டு மேசையில் ஹெல்மெட்டை வைத்து உள்பஞ்சைக் கழற்றித் துவைக்க எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏன் விடணும்? கூப்பிடாதவ போகலாம். நான் கூப்பிட்டவ."

"அவங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

"அவங்க சொல்லமாட்டாங்க. வளைவுல என் முன்னாடி ஒருத்தர் விழுவாரு, அவருக்கு அவங்க மன்னிப்பு எதுக்குடி? குரல் போய்ச் சேரணும்." துணியைப் பிழிந்தாள். "கேப்டன் இனிமே காலையில விளக்குப் போட வேணாம், வாயாலயே சொல்லுங்கன்னாரு. நல்ல மனுஷன்தான். ஆனா பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு. அவரு பொத்தான அழுத்திக்கிட்டிருக்கும்போது நான் என்ன கத்தினாலும் அவருக்கு ஏறாது."

 அத்தான் கதவருகில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா ஈரக் கையைத் துடைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். தங்கையிடம் அவள் அதுவரை எதுவும் கேட்டதில்லை. படிக்கவைத்தவள், பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டவள், எதற்கும் கை நீட்டிப் பழகாதவள். அன்று கேட்டாள்.

"கம்பெனில இன்னொரு பழைய சின்ன செட்டு சும்மா கெடக்கு. ஒயரிங் கடைக்காரர்கிட்ட சொல்லி அத வேன்ல இரும்புக் கூரை மேல ஆன்டெனா வச்சு மாட்டித் தரச் சொல்லியிருக்கேன். நீ வேன்லதானே உக்காந்து வர்ற. ஒவ்வொரு மேடு எறங்கினதும் நான் கூப்பிடுவேன். ஒண்ணுமில்லாட்டியும் கூப்பிடுவேன். நீ மடியில வச்சுக்கோ. மத்தவங்களுக்கு மொழிபெயர்த்துக்கிட்டிருந்தாலும் சரி, தூங்கி வழிஞ்சாலும் சரி, என் குரல் வந்தா நீ பதில் சொல்லணும். பெருசா ஒண்ணும் வேணாம்டி. நான் பேசினது வந்துச்சுன்னு ஒரு வார்த்தை. சொல்வியா?"